டிஸ்பென்ஸ் வித்: பொருளும் பயன்பாடும்

இரண்டாயிரமாவது ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அலுவலர்களின் ஆங்கிலம் போதுமான தரத்தில் இல்லை என்ற செய்தி மேலிடத்தின் கவனத்துக்கு வந்தது. அதுவரை குடிநீர் மேலிடத்தின் கவனத்துக்கு வந்ததில்லை. சாலையும் வந்ததில்லை. ஆங்கிலம் மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து வந்துவிட்டது.

அந்த வருஷம் காற்றிலேயே ஆங்கிலம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பெரம்பலூரில் முப்பது நாளில் சரளமாகப் பேச வைக்கும் நிலையங்கள் மூன்று திறந்திருந்தன. முதல் இரண்டில் சேர்ந்தும் பேச்சு வராதவர்களுக்காக மூன்றாவது. எனவே மேலிடம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஒவ்வோர் அலுவலகத்தின் வாசலிலும் ஒரு பலகை வைக்கப்பட வேண்டும். அதில் தினம் ஓர் ஆங்கிலத் தொடர், அதன் பொருள், அதன் பயன்பாடு ஆகியவை எழுதப்பட வேண்டும். எத்தனை கோப்புகளில் பயன்பட்டது என்ற விவரம் மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்.

இந்தச் சுற்றறிக்கை, அரியலூரில் ஒரு பழைய கடலைக் கிடங்கில் இயங்கிவந்த குடும்ப அட்டை மறுசீரமைப்புத் தனிப்பிரிவுக்கும் வந்தது. தனிப்பிரிவின் தனி அலுவலர் அமிர்தலிங்கம். முப்பத்தொரு வருஷப் பணியில் ஒரு தவறும் செய்யாதவர் என்று பெயர் எடுத்தவர். உத்தரவில்லாமல் அவர் எதையும் செய்ததில்லை, உத்தரவு வந்தால் அது எதற்கு என்று கேட்டதுமில்லை. அவருக்குக் கீழே ஒரே ஓர் எழுத்தர், லியோ பிரபு. வரதராஜன்பேட்டைக்காரன், கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆகவே ஆங்கிலம் அவன் தலையில் வைக்கப்பட்டது.

புதுப் பலகைக்கு நிதி ஒதுக்கீடு இல்லை. வாசலில் ஏற்கெனவே ஒரு தகரப் பலகை மஞ்சள் எழுத்தில் ஏதோ எழுதித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே கறுப்புப் பெயின்ட் அடித்து விட்டார்கள். முன்பு அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நல்ல தமிழில் ஏதோ இருந்தது, அவ்வளவுதான்.

முதல் நாளே ஆட்சிமொழி ஆய்வாளர் ஒருவர் வந்து, அரசு அலுவலக வாசலில் ஆங்கில எழுத்து கூடாது என்று ஆட்சேபம் தெரிவித்தார். அமிர்தலிங்கம் இரண்டு உத்தரவுகளையும் எதிரெதிரே வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத் தொடரைத் தமிழ் எழுத்தில் எழுதுமாறு பணித்தார். பலகையில் 'கால் ஃபார்' என்று வந்தது. ஆய்வாளருக்குத் திருப்தி, மேலிடத்துக்கும் திருப்தி. இரண்டு மொழிகளுக்கும் சம அளவில் தீங்கு நேர்ந்ததால் ஒருவரும் குறை சொல்ல முடியவில்லை.

"பொருள்: கேட்டு வரவழைத்தல்" என்று படித்துக்கொண்டே வந்த அமிர்தலிங்கம் மூன்றாவது வரியில் நின்றார்.

"என்னய்யா லியோ இது, பயன்பாடுங்கற எடத்துல?"

"வாக்கியம் சார். 'அந்தக் கனவான் தேநீர் கேட்டு வரவழைத்தார்.' ஒரு உதாரணத்துக்கு."

"கனவான் யாரு?"

"சும்மா ஒரு கனவான் சார். புத்தகத்துல இருக்காரு."

"நம்ம பிரிவுக்கு மனு குடுத்திருக்காரா?"

"இல்ல சார்."

"பின்ன அஞ்சாந்தேதி அறிக்கையில என்ன எழுதுவ? எத்தனை கோப்புன்னு கேப்பாங்க. ஒரு கனவான், ஒரு தேநீர்னு எழுதுவியா? இன்னைக்கு நம்மகிட்ட எத்தனை மனு வருதோ, அத்தனையிலயும் இந்தத் தொடர் பயன்பட்டிருக்கணும். நாளைக்கு எது வருதோ, நாளைக்கு அது."

அன்றைக்கு வந்தவை அறுபத்திரண்டு மனுக்கள். அறுபத்திரண்டு பேரிடமும் இன்னொரு காகிதம் கேட்கப்பட்டது. பூலாம்பாடியிலிருந்து வந்த ஒரு விவசாயி எல்லாக் காகிதங்களையும் நூல் போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"எல்லாம் இருக்குங்களே" என்றார் அவர்.

"தெரியுதுங்க. ஆனா இன்னைக்கு எதையாவது கேட்டே ஆகணும்" என்றான் லியோ வருத்தத்தோடு. "உங்கப்பாவோட பள்ளிக்கூடச் சான்று கொண்டாங்க."

"எங்கப்பா பள்ளிக்கூடமே போனதில்லீங்க."

"அப்ப போகலைன்னு பள்ளிக்கூடத்துல எழுதி வாங்கிட்டு வாங்க."

முதல் மாத அறிக்கையில் பயன்பாடு நூறு சதவீதம். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அமிர்தலிங்கம் அதைச் சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார்.

'லுக் இன்டு' வந்த அன்று இருவரும் கோப்புகளை ஆழ்ந்து நோக்கினார்கள். மாலை ஐந்தே முக்கால் வரை நோக்கிவிட்டு எழுந்து போனார்கள். 'புட் ஆஃப்' அன்று எல்லாம் தள்ளிப்போயின. 'டர்ன் டவுன்' அன்று எல்லாம் மறுக்கப்பட்டன, அலுவலகத்துக்கு வந்த புதிய நாற்காலி உட்பட.

'ஸ்ட்ரைக் ஆஃப்' வந்த நாளில்தான் மருதாயி வந்தாள்.

அவளுக்கு ரெட்டிபாளையத்தில் புகுந்த வீடு. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய புருஷன் லாரியோடு கவிழ்ந்து போன பிறகு, மாமியார் வீட்டில் இரண்டு மாதம் இருந்து பார்த்தாள். பிறகு மாமியார் இனி வேண்டாம் என்றுவிட, இரண்டு பெண் குழந்தைகளோடு அரும்பாவூரில் அம்மா சுந்தராம்பாளிடம் வந்துவிட்டாள். ஆனால் மூவரின் பெயர்களும் மாமனாரின் ரேஷன் அட்டையிலேயே இருந்தன. அரிசி அங்கே போனது, வாய்கள் இங்கே இருந்தன. சுந்தராம்பாளின் அட்டையில் ஒரே ஒரு பெயர். ஓர் ஆளுக்கு உண்டான அரிசியை நான்கு பேர் சாப்பிட்டார்கள். அந்த அட்டையில் நீக்கி இந்த அட்டையில் சேர்க்க வேண்டும். மருதாயிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கிடங்கின் எதிரே வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதுபவர் அப்துல் மஜீது. லப்பைக்குடிக்காட்டுக்காரர். பதினெட்டு வருஷம் சவூதியில், தம்மாமில், ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஒரு பிளாஸ்கோடும் அலுவலக ஆங்கிலத்தோடும் திரும்பி வந்தவர். அவர்தான் மருதாயிக்கு மனு எழுதினார். உள்ளே போனவள் கால் மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"நீக்கிட்டாங்க பாய்! ஒரு கேள்வி கேக்கல. எனக்கு முன்னாடி நின்ன ஆளு வூட்டு நம்பர் மாத்த வந்தாரு. அவரு பேரையும் சேத்து நீக்கிட்டாங்க."

"உன்னைச் சேத்தாங்களா?"

"அதுக்கு நாளைக்கு வரச் சொன்னாரு அந்தத் தம்பி."

மஜீது கண்ணாடியைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார். "நாளைக்கு என்ன வரப்போவுதோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

மறுநாள் 'ஹோல்ட் பேக்' வந்தது. பொருள்: நிறுத்தி வைத்தல். அதற்கு மறுநாள் 'சென்ட் அவே'. மருதாயி திருப்பி அனுப்பப்பட்டாள். அவளும் இரண்டு குழந்தைகளும் இப்போது எந்த அட்டையிலும் இல்லை. விதிகளின்படி, எந்த அட்டையிலும் இல்லாதவர்களுக்குப் பசிக்க இடமில்லை. இருந்தும் பசித்தது. இது ஒரு முறைகேடு என்பதை அவர்கள் அறியவில்லை.

பலகையின் அருமை மெல்ல மெல்ல எல்லாருக்கும் தெரிந்தது. காலையில் அரியலூரிலிருந்து வரும் பேருந்தின் நடத்துநர், எதிரே போகும் பேருந்தின் நடத்துநருக்கு அன்றைய தொடரைக் கத்திச் சொல்வார். "டர்ன் டவுன்!" என்று குரல் கேட்டால் எங்கள் பேருந்தில் பாதிப் பேர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்பிவிடுவார்கள். உரக்கடையில், சலூனில், பால் சொசைட்டியில் எல்லாம் இதே பேச்சு. பெண் பார்த்துவிட்டு வந்த ஒரு குடும்பம் தரகரிடம், "அந்தச் சம்பந்தத்தை ஹோல்ட் பேக்ல வெச்சிருக்கோம்" என்று சொல்லியனுப்பியது. நியாயமான ஒரு மனு எப்போது நிறைவேறும் என்று கேட்பதை எல்லாரும் விட்டுவிட்டோம். நல்ல தொடர் எப்போது வரும் என்று மட்டும் கேட்டோம்.

அதற்கும் மஜீதுதான் வழி கண்டார். திருச்சிக்குப் போனவர், லியோ தொடர்களை எடுத்தெழுதிய அதே பழைய புத்தகத்தின் இன்னொரு பிரதியை நடைபாதையில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். லியோ பாட வரிசையை மாற்றாமல்தான் எழுதிக்கொண்டிருந்தான். மஜீது விடுமுறைகளைக் கழித்து விரல் விட்டு எண்ணினார்.

"மருதாயி, இங்க வா. ஜனவரி ரெண்டாந்தேதி, செவ்வாய்க்கிழமை. 'கேரி அவுட்' வருது."

"அப்படின்னா?"

"நிறைவேற்றுதல். சொன்னதைச் செஞ்சு முடிக்கறது."

"அதுக்கும் ஒரு இங்கிலீஷ் இருக்கா பாய்?" என்றாள்.

"இருக்கு. கொஞ்சம் பின்னாடி இருக்கு."

"இன்னும் மூணு மாசம் இருக்கே. பெரியவளுக்குப் பள்ளிக்கூடத்துல மத்தியானச் சோறு போடறாங்க. சின்னவளுக்கு அதுல ஒரு கை கொண்டாருவா. ஞாயித்துக்கிழமைதான் கஷ்டம்."

"பொறுத்துக்க தாயி. அதுக்கு முந்தின வேலை நாளு இருபத்தொம்பதாந்தேதி வெள்ளிக்கிழமை. அன்னைக்கு 'டிஸ்பென்ஸ் வித்'. அன்னைக்கு மட்டும் இந்தப் பக்கமே வந்துடாத."

இருபத்தொன்பதாம் தேதி காலையில் லியோ பலகையில் எழுதி முடித்ததும் அமிர்தலிங்கம் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். "இது என்னய்யா, வாயில நுழையல?"

"ரொம்ப ஃபார்மலான தொடர் சார். சாதாரண ஜனங்க பேசறதில்ல. பெரிய எடத்துக் கடுதாசியில மட்டும் வரும். ஒண்ணு இல்லாமலே நடத்திக்கறது. தேவையில்லைன்னு விட்டுடறது."

"அப்படிச் சொல்லு. மத்ததெல்லாம் என்னமோ சந்தையில கூவற மாதிரி இருந்துச்சு. இதுலதான் ஒரு நிர்வாகத் தோரணை இருக்கு." அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "வாசல்ல அந்தத் தண்ணிப் பானை எதுக்கு?"

"ஜனங்க குடிக்க சார்."

"அது இல்லாமலே நடத்திக்கலாம்."

அன்றைய பயன்பாடு: ஒரு பானை. தொடக்கம் அடக்கமாகத்தான் இருந்தது.

ஜனவரி இரண்டாம் தேதி, கிடங்கின் முன்னால் முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். மருதாயி முதல் பேருந்திலேயே வந்து வரிசையின் தலையில் நின்றாள். இரண்டு குழந்தைகளுக்கும் தலைக்கு எண்ணெய் வைத்துக் கூடவே அழைத்து வந்திருந்தாள். ஆட்களைக் கேட்டால் காட்ட வேண்டுமே என்று.

பலகையில் 'டிஸ்பென்ஸ் வித்' என்றே இருந்தது.

நடந்தது இதுதான். முந்தின நாள், புத்தாண்டன்று, பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் தனி மாவட்டமாகியிருந்தது. எங்கும் கொடியும் வாணமும். மக்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். காலையில் லியோ ஈரத்துணியும் சாக்பீசுமாகப் பலகையை நோக்கிப் போனபோது, அமிர்தலிங்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரு உத்தரவுல அழிக்கற?"

"சுற்றறிக்கை இருக்கே சார். தினம் ஒரு தொடர்."

"அது எந்த மாவட்டத்துச் சுற்றறிக்கை?"

"பெரம்பலூரு."

"இப்ப நீ நிக்கறது?"

லியோ கீழே தரையைப் பார்த்தான். தரை அதேதான் இருந்தது. "அரியலூரு சார்."

"புது மாவட்டம் மாத்தச் சொல்லல. எடுக்கச் சொல்லவும் இல்ல. சொல்ற வரைக்கும் இருக்கறது இருக்கட்டும். தூசு மட்டும் தொடச்சுட்டு அதையே திருப்பி எழுது."

மருதாயி ஜன்னலருகே போனாள். "சார், இன்னைக்கு கேரி அவுட்டுன்னாங்களே?"

"அது அந்த மாவட்டத்துலம்மா."

"எனக்கு அந்த மாவட்டம்தானுங்களே. அரும்பாவூரு."

அமிர்தலிங்கத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப நீ இங்க வரவே வேண்டியதில்லயே! உன்ன நீக்கினது ரெட்டிபாளையம் கணக்குல. அது எங்களுது. சேக்கறது அரும்பாவூரு. அது அவங்களுது. போய் அங்க கேளு."

அவள் பெரம்பலூருக்குப் போய்க் கேட்டாள். அங்கே ஒரு மேசையில் இருந்தவர் நல்ல மனிதர்தான். "கோப்பு அரியலூர்லேர்ந்து வரணும்மா. வந்தா அன்னைக்கே சேத்துடலாம்" என்றார். அரியலூரில் கோப்பு தயாராக இருந்தது. ஆனால் பிப்ரவரி மாதப் பயன்பாட்டில் முகப்புக் கடிதம் தேவையில்லை என்று விடப்பட்டிருந்தது. முகப்புக் கடிதம் இல்லாத கோப்பைப் பெரம்பலூரில் வாங்குவதில்லை. ஆகவே கோப்பு அங்கேயே இருந்தது. இதில் ஒருவர் மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. இரண்டு பக்கமும் நியாயமாகவே நடந்துகொண்டன.

பதினைந்து மாதம் அந்த ஒரே தொடர். பெஞ்சு போனது. மனு பெற்றதற்குக் கொடுக்கும் ரசீது போனது. மனுவுக்குப் பதில் எழுதும் வழக்கம் போனது. ரசீதே இல்லாதபோது எந்த மனுவுக்கென்று பதில் எழுதுவது? ஜூலை மாதம் அமிர்தலிங்கத்துக்கு ஓர் உண்மை புலப்பட்டது. நிலுவைக் கோப்புகள் ஏற்படுவதற்கு மூல காரணம் மனுக்கள். மனுக்கள் இல்லாமலே அலுவலகத்தை நடத்த முடியுமா என்று பரீட்சார்த்தமாக ஒரு வாரம் நடத்திப் பார்த்தார். முன்பைவிட நன்றாக நடந்தது. 'நிலுவை: இல்லை' என்று அறிக்கை போனது, இரண்டாவது பாராட்டுக் கடிதம் வந்தது. மதிய உணவு இடைவேளை மட்டும் தேவையில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

லியோவுக்கு ஒரே ஒரு வேலை மிஞ்சியது. சிமெண்ட் லாரிகள் போகிற சாலை அது. காலையில் பார்த்தால் பலகை வெள்ளையாக இருக்கும். அவன் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு 'டிஸ்பென்ஸ் வித்' என்று மறுபடி எழுதுவான். அவன் கையெழுத்து அழகாகிக்கொண்டே வந்தது.

மருதாயி மாதம் ஒருமுறை வருவாள். மனு வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தும் ஜன்னலருகே நின்றுவிட்டு, மரத்தடிக்கு வந்து உட்காருவாள். ஐந்தாம் வகுப்போடு மறந்துபோன எழுத்துக்கூட்டல், அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் திரும்பி வந்தது.

"பாய், இது பெரிய எடத்துல மட்டும் பேசற இங்கிலீஷாமே."

"ஆமா. ரொம்ப மரியாதையான தொடர்."

"என் மாமியாளுக்கு ஒத்த எழுத்து தெரியாது. அவ இதத்தானே செஞ்சா?"

மஜீது பிளாஸ்க்கைத் திறந்து அவளுக்குத் தேநீர் ஊற்றினார்.

அடுத்த வருஷம் மார்ச் கடைசியில் இன்னொரு உத்தரவு வந்தது. அரியலூர் மாவட்டம் இனி இல்லை. பழையபடி பெரம்பலூரோடு சேர்ந்துவிட்டது. கடைத்தெருவில் கோபமும் வருத்தமுமாகப் பேசிக்கொண்டார்கள். "மாவட்டத்தையே டிஸ்பென்ஸ் வித் பண்ணிட்டாங்கய்யா" என்று சலூன்காரர் சொன்னார். அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் யாருக்கும் அகப்படவில்லை.

"லியோ, இந்த மாசப் பயன்பாட்டுல மாவட்டத்தைக் காட்டலாமா?" என்று கேட்டார் அமிர்தலிங்கம்.

"அது நாம செஞ்சதில்லயே சார்."

"பலகை நம்ம வாசல்லதானய்யா இருந்துச்சு?"

அந்த வார இறுதியில் ஒரு கோடை மழை, வெளுத்து வாங்கியது. பதினைந்து மாதம் தினமும் அழுத்தித் துடைத்ததில் கறுப்புப் பெயின்ட் ஏற்கெனவே மெலிந்து போயிருந்தது. மிச்சத்தை மழை உரித்துக்கொண்டு போனது. திங்கட்கிழமை காலை பலகையில் மஞ்சள் எழுத்துகள் நின்றன:

'குடும்ப அட்டையில் பெயர் நீக்கல், பெயர் சேர்த்தல் இரண்டும் ஒரே மனுவில், ஒரே நாளில், காத்திருக்கும்போதே முடித்துத் தரப்படும்.'

மாவட்டம் சேர்ந்ததால் புதுத் தொடர் வருமென்று எதிர்பார்த்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். பலகையைப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன, வெறுந்தமிழா இருக்கு?"

"இங்கிலீஷக் காணோமே. அப்ப ஆபீஸ் இல்லைன்னு அர்த்தம்."

"பாய், இந்தத் தொடருக்குப் பொருள் என்னங்க?"

மஜீது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி கழற்றித் துடைத்தார். "நான் இந்த மரத்தடிக்கு வந்து நாலு வருஷம் ஆவுது. ரெண்டு வருஷம் இது என் மூஞ்சிக்கு நேராத்தான் தொங்கியிருக்கும்" என்றார் மெதுவாக. "நான் படிக்கவே இல்லயே."

அது பொருள் அல்ல என்பதால் நாற்பது பேரும் பதினொரு மணிப் பேருந்தில் ஏறிப் போய்விட்டார்கள்.

மருதாயி போகவில்லை. எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்தாள். ஒவ்வொரு சொல்லின் மேலும் கண்ணை வைத்து இன்னொரு முறை படித்தாள். பிறகு நேராக உள்ளே போனாள்.

"சார், பேரு சேக்கணும்."

"மனு வாங்கறது இல்லம்மா."

"அது பழைய தொடருக்குங்க. இன்னைக்கு வாசல்ல வேற இருக்கு."

அமிர்தலிங்கம் எழுந்து வந்து பலகையைப் பார்த்தார். "இது பலகைக்கு அடியில இருந்த பழசும்மா. இது தொடர் இல்ல."

"வாசல்ல அன்னைக்கு என்ன இருக்கோ, வர்ற மனு எல்லாத்துலயும் அதப் பண்ணணும். இது உங்க உத்தரவா இல்லீங்களா?"

"உத்தரவுதான்."

"நீக்கறதுன்னு இருந்த அன்னைக்கு நீக்குனீங்க. நான் ஒரு வார்த்த பேசல. நிறுத்தறதுன்னு இருந்த அன்னைக்கு நிறுத்துனீங்க. தொரத்தறதுன்னு இருந்த அன்னைக்குப் போயிட்டேன். பதினஞ்சு மாசம் நான் இல்லாமலே நடத்துனீங்க. அதுக்கும் பேசல. இன்னைக்கு இது இருக்கு. பண்ணுங்க."

"லியோ, அந்தச் சுற்றறிக்கைய எடு" என்றார் அமிர்தலிங்கம். மாவட்டம் திரும்பிவிட்டதால் சுற்றறிக்கைக்கும் உயிர் திரும்பியிருந்தது. பயன்பாடு பற்றிய பத்தியை அவர் இரண்டு முறை படித்தார். 'பலகையில் காணும் தொடரை' என்றுதான் அதில் இருந்தது. எந்த மொழியில் என்று சொல்ல அந்த இடத்தில் மேலிடம் மறந்துவிட்டிருந்தது. வாழ்நாளெல்லாம் உத்தரவை மீறாத ஒரு மனிதர், இந்த ஒன்றுக்காக மீறிவிட முடியுமா?

பதினொரு நிமிஷம் ஆனது. அதில் ஐந்து நிமிஷம் உலர்ந்துபோன முத்திரை மைத்திண்டுக்குத் தண்ணீர் தேடியது. மருதாயி, வயது முப்பத்தொன்று. கலைச்செல்வி, வயது ஒன்பது. அஞ்சலை, வயது ஆறு. சுந்தராம்பாளின் அட்டையில் மூன்று பெயர்கள், மூன்று சிறு கையொப்பங்கள், ஒரு முத்திரை. பத்தொன்பது மாதமாக அவள் பசியோடு அலைந்த காரியத்தின் மொத்த நீளம் அவ்வளவுதான். மருதாயி அட்டையை முந்தானையில் வைத்து மூடிக்கொண்டாள். நன்றி சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமலே வெளியே போனாள்.

"இன்னைக்குப் பயன்பாடு எத்தனை?" என்றார் அமிர்தலிங்கம்.

"ஒண்ணு சார்."

"ஒண்ணா? காலையில நாப்பது பேர் நின்னாங்களே!"

"தமிழப் பாத்துட்டு ஆபீஸ் இல்லைன்னு போயிட்டாங்க சார்."

அமிர்தலிங்கம் சட்டம் போட்ட இரண்டு கடிதங்களையும் அண்ணாந்து பார்த்தார். நூறு சதவீதத்துக்குக் குறைந்தே அறியாத அறிக்கையில், நாற்பதுக்கு ஒன்று. "சாயங்காலத்துக்குள்ள பெயின்டரக் கூப்பிடு" என்றார். "இந்தத் தடவ ரெண்டு கோட்டு அடிக்கச் சொல்லு. நாளைக்குப் புத்தகத்துல என்ன வருது?"

"விட்ட எடத்துலேர்ந்துன்னா கேரி அவுட் சார்."

செய்தி அன்று மாலைக்குள் பூலாம்பாடி வரை போய்விட்டது. மறுநாள் காலைப் பேருந்தில் நிற்க இடமில்லை. ஆளுக்கொரு மனு. நடத்துநர், "கேரி அவுட் எல்லாம் உள்ள போ, உள்ள போ!" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்துக்குள்ளே மருதாயியும் இருந்தாள். மாமியார் வீட்டில் விட்டுவந்த தன் இரண்டு பாத்திரங்களை எடுக்க ரெட்டிபாளையம் போய்க்கொண்டிருந்தாள்.

"எதுக்கு எல்லாரும் அடிச்சுப் புடிச்சுகிட்டுப் போறீங்க?" என்றாள் அவள். "ஒரே மனுவுல, ஒரே நாளுல முடிச்சுத் தரணும். அங்கயே எழுதியிருக்கு. அதக் காட்டிக் கேளுங்க."

"எந்தப் பாடத்துல வருது அது?" என்று கேட்டார் அந்தப் பூலாம்பாடி விவசாயி. அவர் கையில் இப்போது பள்ளிக்கூடம் எழுதிக் கொடுத்த சான்றும் இருந்தது.

"எந்தப் பாடத்துலயும் இல்ல. கறுப்புக்கு அடியில இருக்கு. தமிழ்ல."

பேருந்து முழுக்கச் சிரித்தது. "அடியில இருக்கறதையெல்லாம் யாரும்மா படிக்கறா?" என்றார் நடத்துநர். "இங்கிலீஷ் தெரியலைன்னா சும்மா வா."

அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். என் கையிலும் ஒரு மனு இருந்தது. இரவு முழுக்க உட்கார்ந்து, பிழையில்லாமல், நல்ல ஆங்கிலத்தில் எழுதியது.